200 ரூபாய் அபராதமும் எட்டுப் பேர் குழுவும்

புது தில்லி:

ஜல்லிக்கட்டு வழக்கு நடைபெற்ற ஆண்டுகளில் தமிழகத்தில் தேநீர்க் கடை வரை விவாதிக்கப்பட்ட மத்தியச் சட்டம் ஒன்று உண்டென்றால், அது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம்தான். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், 2017 ஜனவரியில் மெரீனா போராட்டத்தைத் தொடர்ந்து சட்டப்பேரவை அச்சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டு வந்ததும், 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தை ஏற்றுக் கொண்டதும் யாவரும் அறிந்தவை. காளையோடு அச்சட்டத்தை மூடி வைத்து விட்டோம். அதன் நான்காவது அத்தியாயத்தை அதிகம் பேர் புரட்டிப் பார்ப்பதில்லை.

பல்கலைக்கழகங்களிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் எலி, முயல், நாய், குரங்கு ஆகியவற்றின் மீது எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கூறுவது அந்த அத்தியாயம். 14-ஆவது பிரிவில் தொடங்கி 20-ஆவது பிரிவில் முடிகிறது. தொடக்கப் பிரிவு அறிவியலுக்குக் கதவைத் திறந்து விடுகிறது. புதிய அறிவைக் கண்டடையவும், உயிரைக் காக்கவும், துன்பத்தைத் தணிக்கவும், நோயை எதிர்க்கவும் விலங்குகள் மீது நடத்தப்படும் பரிசோதனை எதுவும் இச்சட்டப்படி குற்றமாகாது என்கிறது அது. கடைசிப் பிரிவு தண்டனையைச் சொல்கிறது. மேற்பார்வைக் குழுவின் தடை உத்தரவை மீறினாலோ, குழு விதித்த நிபந்தனையை மீறினாலோ அபராதம் விதிக்கலாம். உச்சவரம்பு 200 ரூபாய். சிறைத் தண்டனை கிடையாது.

1960-இல் 200 ரூபாய் என்பது ஓர் அரசு ஊழியருக்கு மனத்தை உறுத்தும் தொகையாக இருந்திருக்கலாம். அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் அத்தொகை மாறாமல் நின்றது. ஆயினும் இந்தியப் பல்கலைக்கழகங்களில் விலங்குகளின் நிலை இக்காலத்தில் கணிசமாக மாறியிருக்கிறது. தண்டனைக்குப் பல் இல்லாத சட்டத்தின் கீழ் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, எங்கே நின்று போயிற்று என்பது நாடாளுமன்றம் கவனிக்க வேண்டிய விஷயம்.

மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா

இச்சட்டத்தின் பிறப்பில் தமிழகத்துக்குப் பங்குண்டு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக வந்தார். பரதநாட்டியத்துக்காக நியமிக்கப்பட்டவர், கால்நடைகளுக்காகவும் குரங்குகளுக்காகவும் பேசத் தொடங்கினார். அப்போது நடைமுறையில் இருந்தது 1890-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காலச் சட்டம். வீட்டு விலங்குகளுக்கும் பிடித்து அடைக்கப்பட்ட விலங்குகளுக்கும் மட்டுமே அது பொருந்தும். ருக்மிணி தேவி கொண்டு வந்த தனிநபர் மசோதா 1954-இல் அவையில் விவாதத்துக்கு வந்தது. அரசே இது குறித்து விரிவான சட்டம் கொண்டு வரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததை ஏற்று, மசோதாவை அவர் திரும்பப் பெற்றார்.

தனிநபர் மசோதாக்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் பிறந்து அன்று மாலையே மறைந்து விடுபவை. திரும்பப் பெறப்பட்ட பிறகும் இந்த மசோதா வீண் போகவில்லை. 1960 டிசம்பரில் புதிய சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவராக ருக்மிணி தேவி பொறுப்பேற்றார். வாரியத்தின் தலைமையகமும் சென்னையிலேயே இருந்தது. 2018-இல்தான் அது ஹரியாணாவின் வல்லப்கருக்கு இடம் பெயர்ந்தது. 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு மொரார்ஜி தேசாய் அவரை அணுகியதும், அவர் மறுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதே மொரார்ஜி அரசு மறு ஆண்டில், அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு ரீசஸ் குரங்குகள் ஏற்றுமதி செய்யப்படுவதை நிறுத்தியது. மருத்துவ ஆய்வுக்கென்று அனுப்பப்பட்ட குரங்குகள் ராணுவக் கதிர்வீச்சுச் சோதனைகளில் பயன்படுத்தப்பட்டதாக எழுந்த புகாரே அதற்குக் காரணம்.

விலங்குப் பரிசோதனையை அடியோடு எதிர்த்தவர் ருக்மிணி தேவி. சட்டம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. 14-ஆவது பிரிவில் அனுமதித்து விட்டு, 17-ஆவது பிரிவில் கட்டுப்பாடுகளை அடுக்கியது. பரிசோதனை கவனத்தோடும் கருணையோடும் நடக்க வேண்டும்; மயக்க மருந்து தரப்பட வேண்டும்; மயக்கத்தில் இருக்கும்போதே மீளாக் காயம் அடைந்த விலங்கை, மீண்டும் உணர்வு வருமுன் வலியின்றி முடித்துவிட வேண்டும்; சிறிய விலங்கால் ஆகும் காரியத்துக்குப் பெரிய விலங்கைத் தொடக் கூடாது; கைப்பழக்கம் பெறுவதற்காக மட்டும் ஓர் உயிரை அறுப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும்.

இவற்றுக்கு நடுவே இன்னொரு வரி உள்ளது. மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை, கல்லூரி ஆகியவற்றில் நூல்களும் மாதிரிகளும் திரைப்படங்களும் போதுமெனில், விலங்குப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அது. கணினி என்ற சொல்லே பாமரருக்குப் பரிச்சயமாகாத 1960-இல் எழுதப்பட்ட வரி இது. கல்விக்கூடங்கள் இதற்குக் கீழ்ப்படிய 54 ஆண்டுகள் பிடித்தன.

மெழுகுத் தட்டில் தவளை

பிளஸ் டூவில் உயிரியல் படித்த, இன்று நாற்பதைக் கடந்த எவருக்கும் அந்த வாசனை மறக்காது. மெழுகு ஊற்றிய தட்டில் மல்லாத்தி, நான்கு கால்களிலும் குண்டூசி குத்தப்பட்ட தவளை. குளோரோபாம் நனைத்த பஞ்சு. கல்லூரியில் விலங்கியல் எடுத்தவர்களுக்குக் கரப்பான்பூச்சியும், சிறு சுறாவும், வெள்ளெலியும் கூடுதலாகக் கிடைத்தன. மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் வகுப்பில் தவளையின் கெண்டைக்கால் தசையை நரம்போடு பிரித்தெடுத்து, மின் தூண்டல் கொடுத்து, புகைக்கரி பூசிய உருளைத் தாளில் அதன் துடிப்பைப் பதிவு செய்வார்கள். ஆண்டுதோறும் அதே தவளை, அதே வரைகோடு, அதே விடை. விடை முன்கூட்டியே தெரிந்த பரிசோதனைக்கு ‘பரிசோதனை’ என்ற பெயர் எவ்வாறு பொருந்தும் என்பதை அக்காலப் பாடத்திட்டக் குழுக்கள் யோசித்ததாகத் தோன்றவில்லை.

அத்தவளைகள் வயல்களிலிருந்து பிடித்து வரப்பட்டவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் தவளை இடம் பெற்றிருந்தது. 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதிக்கும் மத்திய அரசு தடை விதித்தது. வயலில் பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவும் உயிரினம் அருகி வருகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். வெளிநாட்டு உணவு மேசைக்குப் போவது நின்ற பிறகும், உள்நாட்டு மெழுகுத் தட்டுக்குப் போவது தொடர்ந்தது.

மாற்றம் படிப்படியாகவே வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இளநிலை மாணவர்கள் தாமே அறுப்பதை நிறுத்தி, ஆசிரியர் ஓர் இனத்தை மட்டும் அறுத்துக் காட்டினால் போதும் என்றன. முதுநிலையில் எண்ணிக்கையைக் குறைக்கவும், அறுவைக்குப் பதிலாகத் திட்டப்பணியைத் தேர்ந்தெடுக்கவும் இடம் தரப்பட்டது. 2012-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம், கல்வி நிறுவனங்களில் விலங்குகளைக் கைவிட்டு மாற்று முறைகளுக்கு மாறுமாறு ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு எழுதியது. 2014 ஆகஸ்டில் மானியக் குழு அடுத்த அடியை எடுத்து வைத்தது. விலங்கியல், உயிரியல் பாடங்களில் ஆசிரியரோ மாணவரோ எந்த இன விலங்கையும் அறுக்கக் கூடாது என்று அறிவித்தது. அதே ஆண்டில் அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சிலும் இளநிலை மருத்துவப் படிப்பின் உடலியங்கியல், மருந்தியல் செய்முறைகளில் விலங்குகளுக்குப் பதில் கணினி மாதிரிகளைப் பயன்படுத்த விதிகளைத் திருத்தியது.

தமிழகத்தில் இதற்கான அடித்தளம் முன்பே போடப்பட்டிருந்தது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009-இல் தொடங்கப்பட்ட மகாத்மா காந்தி - டோரன்காம்ப் மையம், உயிரியல் கல்வியில் விலங்குகளுக்கு மாற்று வழிகளைத் தேடுவதற்கென்றே அமைந்தது. தலைநகரில் கூடிய கூட்டங்களில் ‘மாற்று என்ன இருக்கிறது?’ என்று கேட்டவர்களுக்குக் காட்ட, காவிரிக்கரையில் ஒரு விடை இருந்தது.

இத்தடையைக் குறை கூறும் விலங்கியல் பேராசிரியர்களும் உண்டு. திரையில் பார்ப்பதும் கையால் தொட்டறிவதும் ஒன்றல்ல என்பது அவர்களது வாதம். வகைப்பாட்டியல் படிக்க ஆளில்லாமல் போகிறது என்று அவர்கள் வருந்துவதை ஒதுக்கித் தள்ளுவதற்கில்லை. பூச்சியியலுக்கும் மீனியலுக்கும் வர வேண்டிய மாணவன், ஒரு பூச்சியின் வாயுறுப்பைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் பட்டம் பெறுவது விசித்திரமே. ஆனால் அந்த மாணவர்கள் சிலர். தவளையை அறுத்து விட்டு வங்கித் தேர்வு எழுதப் போனவர்கள் பல லட்சம் பேர்.

அறிவிப்பைப் பின்பற்றுவதும் எளிதாக இருந்தது. தவளை வாங்கும் செலவு மிச்சம். ஒரு குறுந்தகடு பல ஆண்டுகளுக்குப் போதும். கல்லூரி நிர்வாகங்கள் மனமுவந்து ஒத்துழைத்ததற்குக் கருணையைவிட இந்தக் கணக்கும் காரணமாக இருந்திருக்கும். ஆய்வு என்று வரும்போது கணக்கு நேர்மாறானது.

எட்டு நாற்காலிகள்

ஆய்வுக்கான விலங்குகள் மீது 2014-இன் தடை பாயாது. முனைவர் பட்டத்துக்காக ஒரு மருந்தியல் மாணவி நீரிழிவுக்கு மூலிகைச் சாறு ஒன்றைச் சோதிக்க விரும்பினால், எலிகளை நாடலாம். ஆனால் அதற்கு முன்பு கடக்க வேண்டிய வாசல்கள் உண்டு. 1998-ஆம் ஆண்டின் ‘விலங்குகளை இனப்பெருக்கம் செய்தல், பரிசோதனை செய்தல் விதிகள்’ அவற்றை வகுத்துள்ளன. 2001-இலும் 2006-இலும் அவை திருத்தப்பட்டன.

முதலாவதாக, அவரது நிறுவனம் தில்லியில் உள்ள மேற்பார்வைக் குழுவிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘சிபிசிஎஸ்இஏ’ என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட அக்குழு, இப்போது பெயரைச் சற்றுச் சுருக்கி ‘சிசிஎஸ்இஏ’ ஆகியுள்ளது. எலியைச் சந்தையில் வாங்கி வர முடியாது. பதிவு பெற்ற வளர்ப்பகத்திலிருந்தே பெற வேண்டும். அடுத்ததாக, நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பம் தர வேண்டும். எந்த இனம், எத்தனை எண்ணிக்கை, ஏன் இந்த எண்ணிக்கை, விலங்கின்றி இதைச் செய்ய முடியாதது ஏன், வலி எவ்வளவு, மயக்க மருந்து எது, இறுதியில் விலங்கு என்னவாகும் என எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். பரிணாம ஏணியில் ஆகக் கீழ்ப்படியில் உள்ள விலங்கையே முதலில் பரிசீலிக்க வேண்டும் என்றும், புள்ளியியல் கணக்கில் 95 சதவீத நம்பகம் தரும் குறைந்தபட்ச எண்ணிக்கையையே கேட்க வேண்டும் என்றும் விதி கூறுகிறது. ‘எதற்கும் பத்து அதிகமாக இருக்கட்டும்’ என்பதற்கு இடமில்லை. எலி, சுண்டெலி, கினிப் பன்றி, முயல் போன்ற சிறு விலங்குகளுக்கு நிறுவனக் குழுவே அனுமதி தரலாம். நாய், குரங்கு என்று பெரிய விலங்குகளுக்குப் போனால் கோப்பு தில்லிக்கு வர வேண்டும்.

நெறிமுறைக் குழுவில் எட்டு உறுப்பினர்கள். ஐவர் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்: உயிரியல் விஞ்ஞானி ஒருவர், வேறு துறை விஞ்ஞானிகள் இருவர், கால்நடை மருத்துவர், விலங்கு இல்லப் பொறுப்பாளர். மற்ற மூவரை மேற்பார்வைக் குழு நியமிக்கிறது: குழுவின் பிரதிநிதி, வெளி நிறுவன விஞ்ஞானி ஒருவர், விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறை கொண்ட ஒருவர். பிரதிநிதி வராமல் திட்டங்களுக்கு ஒப்புதல் தர இயலாது.

ஐந்துக்கு மூன்று என்பது வாக்கெடுப்பில் தோற்கும் எண்ணிக்கை. ஆயினும் இங்கே வாக்கெடுப்பைவிடக் கேள்விக்கே மதிப்பு. ‘அறுபது எலி எதற்கு? முப்பதில் முடியாதா?’ என்று வெளியார் ஒருவர் கேட்கும்போது, துறைத் தலைவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவியின் வழிகாட்டியே சக உறுப்பினரின் நண்பராக இருக்கும் வளாகத்தில், அந்தக் கேள்வியை உள்ளே இருப்பவர் கேட்பது கடினம். எனவே எட்டு நாற்காலிகளில் மூன்றின் தரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த மூவர் விண்ணப்பத்தைப் படித்து விட்டு வருகிறார்களா, தேநீருக்கும் கையெழுத்துக்கும் வருகிறார்களா என்பதை எந்த அரசிதழும் சொல்லாது. விஞ்ஞானி அல்லாத அந்த ஒருவருக்கு விண்ணப்பத்தின் மொழியே புரியாவிட்டால் நாற்காலி நிரம்பியும் காலிதான்.

சட்டத்தின் 200 ரூபாய் அபராதத்தைவிட வலிமையான ஆயுதம் ஒன்று வெளியிலிருந்து வந்தது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் இல்லாத கட்டுரையைத் தரமான ஆய்விதழ்கள் ஏற்பதில்லை. கட்டுரை இல்லையேல் பதவி உயர்வு இல்லை. மாணவிக்குப் பட்டமும் தாமதமாகும். பல வளாகங்களில் கூண்டுகள் சுத்தமானதற்கும், விலங்கு இல்லத்துக்குக் கால்நடை மருத்துவர் நியமிக்கப்பட்டதற்கும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைவிட ஆய்விதழ் ஆசிரியர்களின் நிபந்தனை அதிகம் உதவியது எனலாம். நமது சட்டமியற்றுவோருக்கு இது பெருமை தரும் செய்தி அல்ல.

மேனகா காந்தியின் காலம்

மேற்பார்வைக் குழு 1964-இலேயே அமைக்கப்பட்டது. பிறகு நெடுங்காலம் உறங்கியது. மேனகா காந்தி தலைமையில் அது மீண்டும் அமைக்கப்பட்ட பின்னரே ஆய்வுக்கூடங்களுக்கு அப்படியொரு குழு இருப்பது தெரிய வந்தது என்றால் மிகையல்ல. புகழ் பெற்ற அரசு ஆய்வுக்கூடங்களின் விலங்கு இல்லங்களுக்குள் குழுவினர் நுழைந்தனர். துருப்பிடித்த கூண்டுகளும் நோயுற்ற குரங்குகளும் செய்தியாயின. ஆராய்ச்சியே முடங்குகிறது என்று விஞ்ஞானிகள் கொதித்தனர். அறிவியல் அகாதெமிகள் தலையிட்டன. மேனகாவின் வேகம் சில சமயம் விவேகத்தை முந்திச் சென்றது என்று சொன்னவர்களும், அந்த அதிர்ச்சி இல்லாவிட்டால் எதுவும் நகர்ந்திராது என்பதை ஒப்புக் கொண்டனர். 2001, 2006 திருத்தங்கள் இந்த மோதலின் விளைவே.

குழுவுக்கு நிலையான வீடு மட்டும் அமையவில்லை. சமூக நீதி அமைச்சகத்தில் இருந்தது. சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குப் போயிற்று. 2019 முதல் கால்நடை பராமரிப்புத் துறையில் இருக்கிறது. பாலும் இறைச்சியும் முட்டையும் பெருக வேண்டும் என்பதே தலையாய கடமையாக உள்ள துறையின் கீழ், ஆய்வுக்கூட எலியின் நலனைக் காக்கும் குழு இருக்கிறது. இது பொருத்தமா என்று கேட்கலாம். கல்வியும் சுகாதாரமும் அறிவியலும் தனித்தனி அமைச்சகங்கள் என்பதால் எங்கே வைத்தாலும் மூன்று துறைகளுக்கு அது அந்நியமே.

ஒன்றைப் பாராட்ட வேண்டும். நமது சட்டத்தில் ‘விலங்கு’ என்றால் மனிதரைத் தவிர்த்த உயிருள்ள எந்தப் பிராணியும் என்று பொருள். அமெரிக்காவின் விலங்குநலச் சட்டம், ஆராய்ச்சிக்காக வளர்க்கப்படும் எலியையும் சுண்டெலியையும் பறவையையும் தனது வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படுபவை எலிகளும் சுண்டெலிகளும்தாம். மாற்று, குறைப்பு, செம்மையாக்கம் என்ற மூன்று கொள்கைகளை 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள் வகுத்தனர். உலகமே பின்பற்றும் அம்மூன்றுடன் இந்தியக் குழு ‘மறுவாழ்வு’ என்பதை நான்காவதாகச் சேர்த்தது. பரிசோதனை முடிந்த நாயையோ குரங்கையோ பராமரிக்கும் பொறுப்பு அதைப் பயன்படுத்தியவரையே சாரும். அச்செலவையும் ஆய்வுச் செலவிலேயே சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது குழுவின் கொள்கை. கொள்கையில் நாம் முன்னே நிற்கிறோம்.

குரங்குகள் தேவைப்பட்டபோது

விலங்கு நல ஆர்வலர்களில் சிலர் எல்லாப் பரிசோதனையையும் நாளையே நிறுத்தி விடலாம் என்று பேசுகிறார்கள். 2020-ஐ அவர்கள் நினைவுகூர வேண்டும். கோவேக்சின் தடுப்பூசியை மனிதரிடம் பெரிய அளவில் சோதிக்குமுன் குரங்குகளிடம் சோதிக்க வேண்டியிருந்தது. புணேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் அதை நடத்தியது. ஆய்வுக்குத் தகுந்த, ஆய்வகத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகள் நாட்டில் கிடைக்கவில்லை. மகாராஷ்டிரக் காடுகளில் தேடியலைந்து பிடித்து வந்ததை, அன்றைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா 2021-இல் வெளிவந்த தமது நூலில் விவரித்துள்ளார். பயன்படுத்தப்பட்ட குரங்குகள் 20. ஐந்தைந்தாக நான்கு குழுக்கள். அந்த எண்ணிக்கைதான் விதிகளின் சாரம். இருபதில் முடியும் என்றால் இருபது.

மறுபுறம், விலங்கைக் கைவிட்டதால் மனிதருக்கே நன்மை விளைந்த கதையும் உண்டு. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட 14 ஊசிகளை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட மருந்து. நம் நீலகிரியின் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் அதைத் தயாரித்து வந்தது. ஆடுகள் பட்ட வதை ஒருபுறம் இருக்க, ஊசி போட்டுக் கொண்டவர்களில் சிலருக்கு அதிலுள்ள நரம்புத் திசுவே வாதத்தை உண்டாக்கியது. செல் வளர்ப்பு முறைத் தடுப்பூசி வந்த பிறகும் பழையது தொடர்ந்தது. 2004 இறுதியில்தான் நாட்டில் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. ‘மாற்று இல்லை’ என்ற சொல்லை எவ்வளவு காலம் நம்புவது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சட்டமும் மெல்ல அத்திசையில் நகர்கிறது. அழகு சாதனப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பது 2014-இல் தடை செய்யப்பட்டது. அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றை இறக்குமதி செய்வதும் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. புதிய மருந்துகளுக்கான விதிகள் 2023-இல் திருத்தப்பட்டு, மனித செல்களைக் கொண்ட சில்லுகள், கணினி மாதிரிகள் ஆகியவற்றின் முடிவுகளையும் மருந்து நிறுவனங்கள் சமர்ப்பிக்க வழி செய்யப்பட்டது. ஆனால் அத்தகைய கருவிகளை வாங்கும் வசதி பெரிய நிறுவனங்களுக்குத்தான். மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறைக்கு எலிதான் இன்றும் மலிவு. மாற்று முறைகளுக்கென்று நிதி ஒதுக்காமல் மாற்று முறைகளைப் பரிசீலித்தீர்களா என்று விண்ணப்பத்தில் கேட்பதில் ஓரளவு பாசாங்கு இருக்கிறது.

அவையில் கேட்கப்பட வேண்டியவை

அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் உள்ளன. உயிர்களிடத்தில் கருணை காட்டுவது ‘ஜி’ உட்பிரிவு. அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது அடுத்த ‘எச்’ உட்பிரிவு. இரண்டும் 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் ஒரே நாளில் வந்தவை. இரண்டுக்கும் இடையே உள்ள அந்த ஒரு வரி இடைவெளியில்தான் நெறிமுறைக் குழுவின் எட்டு நாற்காலிகளும் போடப்பட்டிருக்கின்றன.

பிரிட்டனில் உள்துறை அமைச்சகம், ஓராண்டில் எந்த இன விலங்கின் மீது எத்தனைப் பரிசோதனைகள் நடந்தன, அவற்றில் வலி எவ்வளவு என்பதைப் பிரித்து ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அப்படியொரு ஆண்டறிக்கை இங்கே வழக்கத்தில் இல்லை. விவரங்கள் இல்லாமலில்லை; பதிவேடு வைக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பேரேட்டில் எழுதி வைக்கிறது. அவற்றைக் கூட்டி, மக்கள் முன் வைக்கும் வேலைதான் நடக்கவில்லை. மறுவாழ்வு என்ற நான்காவது கொள்கைப்படி எத்தனை நாய்களும் குரங்குகளும் ஓய்வு பெற்றன, அவற்றை எந்தக் காப்பகம் ஏற்றது, செலவை யார் கொடுத்தார்கள் என்பதும் அந்தப் பேரேடுகளுக்குள்தான் உறங்குகிறது.

கேள்வி நேரத்தில் ஓர் உறுப்பினர் கேட்க வேண்டியது இவ்வளவுதான். பதிவு பெற்ற நிறுவனங்கள் எத்தனை? கடந்த மூன்றாண்டுகளில் அவற்றில் எத்தனை நேரில் ஆய்வு செய்யப்பட்டன? எத்தனைப் பதிவுகள் இடைநிறுத்தப்பட்டன? ஒரு பிரதிநிதியின் பொறுப்பில் எத்தனை நிறுவனங்கள் உள்ளன? எத்தனை விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன? கடைசிக் கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்று பதில் வருமானால், அதுவே ஒரு செய்தி. இச்சட்டத்தின் கீழ் இயற்றப்படும் விதிகளை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று 38-ஏ பிரிவு சொல்கிறது. தாக்கல் செய்யப்பட்ட காகிதங்கள் நூலகத்துக்குப் போய் விடுகின்றன. துணைச் சட்டங்களுக்கான நிலைக்குழு அவற்றை எடுத்துப் பார்ப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

அபராதத் தொகை குறித்தும் யாரும் அறியாதவர்களல்லர். ஜல்லிக்கட்டுத் தீர்ப்பிலேயே, 1960 சட்டத்தின் தண்டனைகள் போதாது, நாடாளுமன்றம் உரிய திருத்தம் செய்யும் என எதிர்பார்க்கிறோம் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. அத்தீர்ப்பின் மற்றப் பகுதிகள் குறித்துத் தமிழகத்தில் நடந்த விவாதத்தில் நூறில் ஒரு பங்குகூட இந்தப் பகுதி குறித்து எங்கும் நடக்கவில்லை. எட்டாண்டுகள் கழித்து 2022 நவம்பரில் கால்நடை பராமரிப்புத் துறை ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்களும், கொடூர வதைக்குச் சிறைத் தண்டனையும் அதில் இடம் பெற்றன. 2024-இல் 17-ஆவது மக்களவையின் காலம் முடியும் வரை அவ்வரைவு மசோதாவாக அவைக்கு வரவில்லை.

அது எப்போது வந்தாலும், தெருநாயும் வண்டி மாடும் கோயில் யானையும் விவாதத்தின் பெரும் பகுதியை எடுத்துக் கொள்ளும். நான்காவது அத்தியாயத்துக்குத் திருத்தம் தர விரும்பும் உறுப்பினர், விவாதத்துக்கு ஒரு நாள் முன்பே செயலகத்தில் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். அதற்கு ஒரு பக்கத் தாள் போதும்.